‘அவள் என்னவானாள்?’: மாயத் தொடர்களிலே கைவிடப்படும் பாத்திரங்களும் சுவைஞரின் வழக்கும்

கதை கேட்பவர் கதை சொல்பவரிடம் விடுக்கும் வினாக்கள் பல. அவற்றுள் இரண்டு அடிப்படையானவை. ‘பிறகு என்ன நடந்தது?’ என்பது ஒன்று, ‘அவள் என்னவானாள்?’ என்பது மற்றொன்று. முதல் வினா கதையை முன்னோக்கித் தள்ளும். இரண்டாவது வினா, கதை எவரை வழியில் விட்டுவிட்டு வந்ததோ அவரிடம் திரும்பிப் போகும். முதல் வினா கதைசொல்லிக்கு மகிழ்ச்சி தருவது. இரண்டாவது வினா சங்கடந் தருவது. இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது அந்த இரண்டாவது வினாவையே.

மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே அமைந்த மூதூர்ப் பிரதேசத்திலும், இலங்கையின் ஏனைய தமிழ் பேசும் பகுதிகளிற் போலவே, மாலை வேளை பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடருக்கு உரியதாகிவிட்டது. அத்தொடர்களுள் நாகக்கன்னியரும் ஆவிகளும் மறுபிறப்பெடுத்தோரும் உலவும் மாயத் தொடர்கள் தனியிடம் பெற்றவை. அன்றைய பகுதி முடிந்ததும் வாதம் தொடங்குகிறது. சாபம் பெற்ற தங்கையைச் சில வாரங்களாகக் காணோமே, அவள் எங்கே? பூசாரியின் மகன் உண்மையை அறிந்துவிட்டானே, அவனை ஏன் பிறகு எவரும் பேசவில்லை? இவ்வினாக்களைப் பொழுதுபோக்குப் பேச்சென்று ஒதுக்கும் வழக்கம் படித்தோரிடையே உண்டு. அவ்வழக்கம் பொருத்தமற்றது என்பதே எமது நிலைப்பாடு. கைவிடப்பட்ட பாத்திரம் பற்றிய வாதம், எவருடைய வாழ்வு கதையாகும் தகுதி பெற்றது, எவருடைய வாழ்வு கதைக்குக் கருவி மட்டுமே என்பது பற்றிய வாதமாகும். அவ்வகையில் அது ஓர் அறவியல் வாதம், சமூகவியல் வாதமுமாம்.

இவ்வினா தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. எமது காப்பிய மரபு இதனை நன்கறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் கண்ணகி வானூர்தி ஏறுவதோடு நிறைவுறுகின்றது. மாயக் கதையொன்றின் உச்சம் அதுவே. வெறும் வியப்பையே நாடிய ஆசிரியராயின் அத்துடன் நூலை முடித்திருக்கலாம். ஆனால் இளங்கோ, கங்கைக் கரையிலே செங்குட்டுவன் முன்னிலையில் மாடலன் என்னும் மறையோனை நிறுத்தி, ஒருவகைக் கணக்கொப்புவிப்பை நிகழ்த்துகிறார். அடைக்கலம் ஏற்ற மாதரி தீயில் வீழ்ந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தார். கோவலனின் தந்தை மாசாத்துவான் பொருளனைத்தையுந் தானஞ் செய்து பௌத்தத் துறவியரைச் சேர்ந்தான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரைச் சேர்ந்தான். இருவர் மனைவியரும் துயர் தாளாது மாண்டனர். மாதவி துறவு பூண்டாள். மாதரியின் மகள் ஐயைகூட, வஞ்சியில் எழுந்த கோயிலுக்கு வந்து சேருகிறாள். ஆயர் குடியிலே பிறந்து சில காட்சிகளில் மட்டுமே தோன்றும் சிறுமியொருத்திக்கும் காப்பியம் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறது. மாதவியின் மகளுக்கோ ஒரு தனிக் காப்பியமே எழுந்தது. மணிமேகலையை, முதற்கதை மீதம் வைத்த வினாவுக்குச் சாத்தனார் அளித்த நீண்ட விடை என்று நோக்குவதில் தவறில்லை.

எனினும் இக்கணக்கொப்புவிப்பு முழுமையானது என்று நாம் பெருமைப்பட்டு நின்றுவிடலாகாது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினியின் சினந் தணிக்கப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்றும் அதே நூல் கூறுகிறது. குற்றமிழைத்தவன் ஒருவன், பலியானோர் ஆயிரவர். அவ்வாயிரவருள் ஒருவருக்கேனும் பெயரில்லை, அவர் மனைவியர் என்னவாயினர் என்று மாடலன் உரைக்கவில்லை, செங்குட்டுவன் கேட்கவுமில்லை. வணிகனின் தந்தைக்கு விடை உண்டு. கைவினைஞனின் பிள்ளைக்கு விடை இல்லை. எந்தப் பாத்திரம் கைவிடப்படுகிறது என்பது கதைத்தொழில்நுட்பம் சார்ந்த தற்செயல் நிகழ்ச்சியன்று. சமூகத்தில் எவர் எண்ணப்படுகிறாரோ அவரே கதையிலும் எண்ணப்படுகிறார்.

காப்பியத்திலிருந்து சடங்குக்கு வருவோம். கிழக்கிலங்கையில் கண்ணகி, கண்ணகை அம்மனாகவும் பத்தினி அம்மனாகவும் வழிபடப்படுகிறாள். திருகோணமலை மாவட்டத்திலே தம்பலகாமப் பகுதியின் பாலம்போட்டாறு பத்தினியம்மன் கோயில் இதற்குச் சான்று. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசித் திங்களில் நிகழும் சடங்கின்போது கண்ணகி வழக்குரை ஓதப்படுகிறது; குளிர்த்தியோடு அது நிறைவு பெறுகிறது. ஏட்டுப் பிரதிகளாக வழங்கிய அந்நூலை வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். அதனைக் கேட்போர் கதையின் முடிவை அறியாதவரல்லர். ஆண்டுதோறும் கேட்டும், ஆண்டுதோறும் வழக்கில் பங்குகொள்கின்றனர் என்பதே கருதத்தக்கது.

அப்பங்குகொள்ளலின் கூர்மையான வடிவம் கொம்புமுறி விளையாட்டாகும். ஊர் இரண்டு கட்சியாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு கட்சியாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவராவர். வென்றவர் பாடல்களால் அவரை எள்ளுவர். சிங்கள மக்களிடையே வழங்கும் அங்கெலியவும் இதன் உடன்பிறப்பே. பத்தினி ஒரு பக்கமும் அவள் கணவன் பாலங்க மறுபக்கமுமாக அங்கும் ஊர் பிரிகிறது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் இதனை விரிவாக ஆராய்கிறது. கதை கேட்போர் தாமே கட்சியாகிக் கதைமாந்தருக்காகக் கயிறு பிடிக்கும் இந்நிகழ்ச்சியைக் கண்ட ஒருவர், தொடர்நாடக ரசிகரின் சண்டையைப் புதுமையென்று கூறமாட்டார்.

ஆயினும் இங்கும் ஒரு வினா எஞ்சுகிறது. கோவலனுக்கு ஒரு சேரி உண்டு. கண்ணகிக்கு ஒரு சேரி உண்டு. மாதவிக்காகக் கயிறு இழுக்க மூன்றாவது சேரி இல்லை. இளங்கோ படைத்த மாதவி, கலையும் மானமும் உடைய பெண். தன் மகள் கணிகையர் வாழ்வுக்குட் புகலாகாது என்று முடிவு செய்தவள். பின்வந்த நாட்டார் கதைகளிலோ அவள் பொன்னாசை கொண்ட தாசியாகச் சுருங்கிவிடுகிறாள். கற்பு வழிபாட்டின் மையமாகக் கண்ணகி உயர உயர, மாதவி தேய்கிறாள். இதனையும் ஒருவகைக் கைவிடல் என்றே கொள்ளவேண்டும். பாத்திரம் மேடையிலிருந்து இறக்கப்படவில்லை. அவளது மனிதத் தன்மை இறக்கப்பட்டது. மரபு எல்லோருக்கும் நீதி வழங்கியது என்றும், தொலைக்காட்சி வந்து அதனைக் கெடுத்தது என்றும் கூறும் பழம்பெருமைவாதத்தை நாம் ஏற்காமைக்கு இதுவே காரணம்.

அச்சுப்பண்பாடு வந்தபின் இவ்வினா கடித உருவம் பெற்றது. கல்கி தமது வார இதழிலே 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வன் முடிவுற்றபோது, கதை திடீரென நின்றுவிட்டதென வாசகர் பலர் குறைப்பட்டனர். இன்னார் என்னவானார், இன்னாருக்கு மணம் நடந்ததா என்றெல்லாம் வினவினர். நூலின் இறுதியில் கல்கி சேர்த்த முடிவுரை அவ்வினாக்களுக்கு முகங்கொடுக்கிறது. வரலாறு கூறுவதையும் தமது கற்பனையின் எல்லையையும் பிரித்துக்காட்டி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகத் தெரிவிக்கிறது. அவ்விடைகள் எல்லோரையும் நிறைவுபடுத்தவில்லை. நந்தினியின் பிறப்பு மர்மம் பற்றிய வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. வினா எழுந்தபோது விடை கூறக் கடமைப்பட்ட ஒருவர் இருந்தார். அவர் பெயர் நூலின் அட்டையில் இருந்தது.

தொலைக்காட்சித் தொடரின் நிலை இதனின்றும் வேறானது. அதன் ஆசிரியர் யார் என்ற வினாவுக்கே தெளிவான விடையில்லை. கதைக்கருவை ஒருவர் தருகிறார். திரைக்கதையைச் சிலர் எழுதுகின்றனர். உரையாடலை வேறொருவர் எழுதுகிறார். எவ்வளவு காலம் நீளவேண்டுமென்பதை ஒளிபரப்பு நிலையம் தீர்மானிக்கிறது. நிலையத்தின் தீர்மானத்தைப் பார்வையாளர் அளவீடும் விளம்பர வருவாயும் தீர்மானிக்கின்றன. பல தொடர்களில் முற்பகுதி ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கையிலேயே பிற்பகுதி எழுதப்படுகிறது. ஆகவே ஒரு பாத்திரத்தின் ஆயுளை அதன் அகத்தர்க்கம் நிர்ணயிப்பதில்லை. நடிகரின் ஒப்பந்தமும் அளவீட்டு எண்ணும் நிர்ணயிக்கின்றன. இதனையே பண்டமாக்கம் என்கிறோம். பண்டத்தின் உறுப்பொன்று விலைபோகாவிடின் அதனைக் கழற்றிவிடலாம். அதற்கு எவரும் விளக்கங் கூறுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். நாகினி என்னும் இந்தித் தொடர் 2015 நவம்பரில் தொடங்கிப் பல பருவங்களாக வெளிவந்தது. தமிழ் ஒலிமாற்றத்தின் வழியே எம்மவர் வீடுகளையும் அடைந்தது. அதன் நான்காம் பருவம் 2019 டிசெம்பரில் நயன்தாரா, பிருந்தா என்னும் இரு பெண்களை மையமாகக் கொண்டு தொடங்கியது. பழிதீர்க்கவென்றே வளர்க்கப்பட்டவள் நயன்தாரா. உண்மையான நாகமகள் பிருந்தாவே எனக் கதை பின்னர் வெளிப்படுத்திற்று. இலக்கிய நோக்கில் அரிய வாய்ப்பொன்று இங்கே திறந்திருந்தது. பிறருடைய பகைக்காகவே தன் இளமையைச் செலவிட்ட ஒருத்தி, அப்பகை தனக்குரியதே அன்று என அறியும்போது என்ன செய்வாள்? ஆழமான அந்த வினாவைத் தொடர் எழுப்பிவிட்டு, சில திங்களுக்குள் அவளைக் கதையினின்றும் அகற்றியது. அவ்விடத்துக்கு வேறொரு நடிகை வேறொரு பாத்திரமாக வந்தார். 2020 மார்ச்சில் பெருந்தொற்று முடக்கத்தால் படப்பிடிப்பு நின்றது. மீண்டும் தொடங்கியபோது, எஞ்சிய கதை விரைவாகச் சுருட்டப்பட்டு ஓகஸ்டில் பருவம் முடிக்கப்பட்டது. உடனடியாக ஐந்தாம் பருவம் புதிய முகங்களோடு தொடங்கிற்று. பெருந்தொற்று எவர் குற்றமுமன்று. ஆனால் பழைய கணக்கைத் தீர்ப்பதைவிடப் புதிய கணக்கைத் திறப்பதே வணிகத்துக்கு இலாபமாக இருந்தது என்பது வெளிப்படை.

இது இந்தியத் தொடர்களுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் 2004 முதல் 2010 வரை ஒளிபரப்பான ‘லொஸ்ட்’ என்னும் தொடரிலே, வால்ட் என்ற சிறுவன் இயல்கடந்த ஆற்றலுடையவனாக அறிமுகமானான். கதைக்குள் சில வாரங்களே கழிந்திருக்க, அவனாக நடித்த சிறுவனோ ஆண்டுக்காண்டு உயர்ந்துவிட்டான். இரண்டாம் பருவத்தின் முடிவில் வால்ட் தீவை விட்டு அனுப்பப்பட்டான்; அவனது ஆற்றலின் பொருள் விளக்கப்படவேயில்லை. ரசிகர் ஆண்டுக்கணக்காக வினவினர். ஈற்றில் அவனுக்கென ஒரு சிறு பின்னுரைக் காட்சி எடுக்கப்பட்டு, தொடரின் இறுவட்டுத் தொகுப்போடு 2010இல் விற்பனைக்கு வந்தது. கல்கி நூலினுள்ளேயே அளித்த விடை இங்கே தனிப் பண்டத்தின் கவர்ச்சியாயிற்று. அதே போல, ‘ருவின் பீக்ஸ்’ தொடரின் 1991ஆம் ஆண்டு இறுதிப் பகுதியில் வங்கி வெடிப்பொன்றில் அகப்பட்ட ஓட்ரி என்ற இளம்பெண் பிழைத்தாளா என்பதை அறிய, தொலைக்காட்சிப் பார்வையாளர் 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் அவளைப் பற்றிக் கிடைத்தது மற்றொரு புதிரே.

மாயத் தொடர்களை நாம் சிறப்பாகக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. இயல்பு வாழ்வைக் காட்டும் நாடகத்தில் இறந்தவர் இறந்தவரே. ஊரைவிட்டுப் போனவர் போனவரே. மாயக் கதையில் மரணமும் மீளத்தக்கது, உருவமும் மாற்றத்தக்கது. கதாநாயகிக்கு வேண்டுமாயின் யமனும் பின்வாங்குவான். அத்தகைய உலகிலே ஒருவர் திரும்பி வராதிருப்பது விதியின் செயலாக இருக்கமுடியாது. அது கதைசொல்லியின் விருப்பமே. எஜமானியின் உயிரை மீட்கும் மந்திரம், அவளுக்காக உயிர்நீத்த பணிப்பெண்ணை மீட்கவில்லையெனின், அம்மந்திரத்தின் வர்க்கச் சார்பு புலனாகிறது. எல்லாம் இயலும் உலகில் கைவிடப்பட்டோரே அவ்வுலகின் உண்மையான சட்டத்தை எமக்குக் காட்டுகின்றனர்.

இனி, சுவைஞர் வாதத்தை வகைப்படுத்தி நோக்கலாம். அதிலே மூன்று நிலைப்பாடுகளைக் காண்கிறோம். முதலாவது, உற்பத்தி நிலைமையைக் கூறி அமைதி கொள்வது: நடிகை விலகிவிட்டார், கதாசிரியர் என்ன செய்வார் என்பது. இது உண்மையே, ஆனால் காரணங் கூறுவது வேறு, நியாயங் கூறுவது வேறு. நடிகர் விலகலாம், பாத்திரத்தின் முடிவை ஒரு கடிதத்தால், ஒரு செய்தியால், மற்றொருவரின் துயரத்தால் உணர்த்த ஒரு காட்சி போதும். இளங்கோ மாதரியின் மரணத்தை மேடையேற்றவில்லை; மாடலன் வாயிலாகச் சில அடிகளிற் சொல்வித்தார். குறைந்த செலவிலும் கடமையை நிறைவேற்றலாம்.

இரண்டாவது, மாயக் கதையில் தர்க்கம் தேடலாகாது என்பது. இதுவும் பொருந்தாது. மாயக் கதைக்கும் தனக்கேயுரிய ஒழுங்கு உண்டு. வரமும் சாபமும் ஒப்பந்தங்களே. கொடுத்த வரம் பலிக்கவேண்டும், இட்ட சாபம் நீங்க வழி கூறப்படவேண்டும். எமது பாட்டிமார் கூறிய பேய்க்கதைகளிலும் இவ்வொழுங்கு தவறியதில்லை.

மூன்றாவது நிலைப்பாட்டினர், அவளுக்கு ஒரு முடிவு வேண்டும் என வற்புறுத்துவோர். அவர்கள் இன்பமான முடிவையே வேண்டுகின்றனர் என்று எண்ணலாகாது. அவள் இறந்தாளாயினும் இறந்தாள் என்று சொல்லப்படவேண்டும். எவரேனும் ஒருவர் அவளுக்காகக் கலங்கவேண்டும் என்பதே அவர்களது கோரிக்கை. இவர்களே, தாம் அறியாமலே, விமர்சனத்தின் பணியைச் செய்கின்றனர். சிலர் விடுபட்ட கதையைத் தாமே இட்டு நிரப்பவும் முனைகின்றனர். இது சாத்தனார் வழி.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நவீன இலக்கியம் எல்லா இழையையும் முடிச்சிட வேண்டுமா? விடப்பட்ட இழையும் கலையழகாகாதா? ஆகும். விடப்பட்டது என்பதை உணர்ந்து விடுவதற்கும், மறந்து விடுவதற்கும் வேறுபாடு உண்டு. கல்கி நந்தினியின் பிறப்பை முழுமையாகத் துலக்காமல் விட்டதால் வாசகர் நெஞ்சில் அவள் மேலும் வளர்ந்தாள். அங்கே மௌனம் பாத்திரத்தைச் சுற்றி நிற்கிறது. மறதியிலோ பாத்திரத்தைச் சுற்றி நிற்பதற்கு எவருமில்லை. அவள் இருந்தாள் என்பதே பிற பாத்திரங்களுக்கு நினைவில்லை. முன்னையது சுவைஞரைச் சிந்திக்கத் தூண்டுகிறது; பின்னையது மறக்கப் பழக்குகிறது.

மறக்கப் பழக்குதல் என்ற இவ்விடத்திலேதான் மூதூரை மீண்டும் நினைக்கவேண்டியுள்ளது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கண்ட கரை இது. 2006 ஓகஸ்டில் மூதூர் நகரில் மூண்ட போர் பல்லாயிரம் முஸ்லிம் மக்களைக் கந்தளாய் நோக்கித் துரத்தியது. சம்பூர்ப் பகுதித் தமிழ் மக்கள் மட்டக்களப்புவரை இடம்பெயர்ந்தனர். தமது காணிகளுக்கு மீள அவர்கள் ஏறத்தாழப் பத்தாண்டு காத்திருந்தனர். அதே 2006 ஓகஸ்டில், பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரிலே கொல்லப்பட்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வீதியோரங்களில் அமர்ந்து கேட்டதும் இவ்வினாவே: எங்கள் பிள்ளை என்னவானான்? காணாமற்போனோருக்கான அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. வினா இன்னும் முடியவில்லை.

புனைவின் பாத்திரமும் உயிருள்ள மனிதரும் ஒன்றல்லர். தொடரில் மறைந்த நாகக்கன்னியையும் பெற்ற மகனை இழந்த தாயின் துயரையும் ஒரே தராசில் வைப்பது அறமாகாது. நாம் அதனைச் செய்யவில்லை. நாம் கூறுவது கேட்கும் பழக்கத்தைப் பற்றியே. ‘முடிந்தது முடிந்துவிட்டது, புதிய பருவம் தொடங்கிவிட்டது’ என்னும் குரல் தொலைக்காட்சியில் மட்டும் ஒலிப்பதன்று. ஆட்சியாளரும் அதே குரலிற் பேசுவர். கணக்கொப்புவிக்காத கதையை ஏற்றுக்கொள்ளப் பழகிய மக்கள், கணக்கொப்புவிக்காத அதிகாரத்தையும் எளிதில் ஏற்கக்கூடும். மறுதலையாக, ஒரு பணிப்பெண் பாத்திரத்துக்காக அடுக்களையில் நின்று வாதாடும் மனம், எண்ணப்படாத மனிதரை எண்ணும் பயிற்சியைத் தன்னளவிற் பெற்றுக்கொண்டிருக்கிறது.

இப்பிரதேசத்தின் எழுத்தும் இதற்குத் துணைநிற்கிறது. மூதூர் தந்த வ. அ. இராசரத்தினம் (1925–2001) ‘தோணி’ முதலிய கதைகளிலே கரையோர உழைப்பாளரைக் கதையின் நடுவே கொண்டுவந்தார். பிறர் கதைகளில் ஓரத்தில் நின்று மறைந்துபோகும் மாந்தரே அவர்கள். ஈழத்து முற்போக்கு இலக்கியம் தனது பணியாகக் கொண்டதும், ஓரத்தில் விடப்பட்டோரை நடுவுக்கு அழைத்து வருவதையே. அப்பணி சிறுகதையோடும் நாவலோடும் நின்றுவிடுவது போதாது. இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் காணும் கலைவடிவத்தை விமர்சகர் தீண்டத்தகாததாக ஒதுக்கினால், அவ்வடிவம் வணிகரின் முழு உடைமையாகவே இருந்துவிடும்.

ஆகவே, பல்கலைக்கழகங்களிலே தமிழ் பயில்வோர், தொடர்நாடகச் சுவைஞரின் வாதங்களை ஆய்வுப் பொருளாகக் கொள்ளவேண்டும். எத்தகைய பாத்திரங்கள் கைவிடப்படுகின்றன, அவர்கள் எவ்வகுப்பினர், எப்பாலினர், எத்தொழிலினர் என்பவற்றைத் தொகுத்து நோக்கவேண்டும். மாதரிக்கும் ஐயைக்கும் விடை சொன்ன மரபு எமது மரபு. பொற்கொல்லர் ஆயிரவரை மறந்ததும் அதே மரபுதான். இரண்டையும் ஒருங்கே அறிந்தவரே, மாதவிக்காகக் கயிறு பிடிக்கும் மூன்றாவது சேரியை அமைக்க வல்லவர்.